பயிற்சி முடிஞ்ச அப்புறம் அந்த டீச்சர் யாருக்கு போன் பண்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் பொண்ணு போன்ல ஒரு வேலை விளம்பரம் காட்டினா. புள்ளைங்களோட நடத்தை, மனநலம் சம்பந்தமா டீச்சர்களுக்கும் அங்கன்வாடிக்காரங்களுக்கும் பயிற்சி கொடுக்குற ஒரு தொண்டு நிறுவனம், இப்ப ரெண்டு மூணு மாநிலத்துல நடத்திட்டு இருக்குறத நாடு முழுக்க கொண்டு போகப் போறாங்களாம், அதுக்கு தலைமை தாங்க ஆள் வேணுமாம். தகுதி என்னன்னு பாத்தா எம்பிஏ படிச்சிருந்தா நல்லது, இங்கிலீஷும் ஹிந்தியும் சரளமா வரணும், மாசத்துல பாதி நாள் வெளியூர் சுத்தணும். கடைசில இலக்குன்னு ஒரு வரி, முதல் வருஷத்துல இத்தனை மாநிலம், இத்தனை ஆயிரம் பேருக்கு பயிற்சின்னு. "அம்மா, இது உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு"ன்னு சொல்லி சிரிச்சா. எனக்கு வயசு 61, ஹிந்தில எனக்குத் தெரிஞ்சது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மட்டும்தான். அதனால அப்ளை பண்ணல, உங்களுக்கு லெட்டர் எழுதுறேன். அந்த சீட்ல யார் வந்து உக்காரப் போறாங்களோ அவங்க தமிழ் பேப்பர் படிப்பாங்களான்னு தெரியல, படிக்கிறவங்க யாராவது அவங்க காதுல போட்டு வைங்க.

நான் யாருன்னா, திண்டுக்கல் மாவட்டத்துல கொஞ்ச வருஷம் நடுநிலைப் பள்ளி டீச்சரா இருந்துட்டு அப்புறம் 17 வருஷம் வட்டார வள மையத்துல ஆசிரியர் பயிற்றுநரா இருந்து ரிட்டையர் ஆனவ. பிஆர்டின்னு சொன்னா பள்ளிக்கூடத்து ஆட்களுக்குப் புரியும். மேல இருந்து எந்தப் பயிற்சி வந்தாலும் ஒன்றியத்துல இருக்குற டீச்சர்களுக்கு அத எடுத்துச் சொல்ற கருத்தாளர் நாங்கதான். கணக்குக்கும் நாங்க, கை கழுவுறதுக்கும் நாங்க, டெங்குவுக்கும் நாங்க, புள்ளைங்க மனசுக்கும் நாங்க. ஒரே வாரத்துல ரெண்டு தலைப்புல பயிற்சி எடுத்திருக்கேன், ரெண்டுக்கும் அதே ப்ரொஜெக்டர், அதே போண்டா.

பயிற்சி எப்படி கீழ எறங்கி வருதுன்னு வெளிய இருக்குறவங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். எந்தத் திட்டம் எந்த வருஷம்னு சொல்லல, ஏன்னா நான் பாத்த எல்லாத்துலயும் கிட்டத்தட்ட இதே கததான். மேல பெரிய டாக்டர்கள் மாநிலக் கருத்தாளர்களுக்கு 5 நாள் எடுப்பாங்க. அவங்க மாவட்டத்துக்கு வந்து 3 நாள். மாவட்டத்துல இருந்து எங்களுக்கு 2 நாள், அதுல முதல் நாள் காலைல தொடக்க விழா, ரெண்டாம் நாள் மத்தியானம் ஃபீட்பேக் ஃபாரம், பயணப்படி கையெழுத்து, க்ரூப் ஃபோட்டோ. நாங்க டீச்சர்களுக்கு எடுக்கும்போது அது ஒரே நாளாயிடும். 10 மணின்னு சொன்னா 11 மணிக்குத்தான் ஆள் சேரும், 3 மணிக்கெல்லாம் பைய தூக்கிடுவாங்க. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், மலைப் பக்கம் போற பஸ் சாயங்காலத்துக்கு ஒண்ணுதான், அத விட்டா எங்க போய் நிப்பாங்க.

நாள் குறைஞ்சா கூட பரவால்லங்க, எது குறையுதுன்னு பாக்கணும். மேல ஒரு டாக்டர் தரையில உக்காந்து செஞ்சு காட்டியிருப்பார், ஒரு புள்ள அழுதுட்டு வாயத் தொறக்க மாட்டேங்குதுன்னா அது பக்கத்துல எப்படி உக்காரணும், எவ்ளோ நேரம் நாமளும் பேசாம இருக்கணும், மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி எது, எதக் கேக்கவே கூடாது. அது எங்ககிட்ட வந்து சேரும்போது ஸ்லைடுல "குழந்தையின் உணர்வுகளுக்கு மதிப்பளித்துச் செவிமடுத்தல்"னு ஒத்த வரியா நிக்கும். நான் அந்த வரியப் படிச்சேன், டீச்சர்கள் நோட்ல எழுதிக்கிட்டாங்க, முடிஞ்சது கத. எமிஸ்ல, அதான் பள்ளிக்கூடக் கணக்கெல்லாம் ஏத்துற அரசு இணையதளத்துல, என் ஒன்றியத்துக்கு நூறு சதவீதம்னு ஏறியாச்சு.

இதுல என் கையால நடந்த தப்பு ஒண்ண சொல்லணும். பல வருஷமா மனசுல கெடக்கு.

கவனக்குறைவு, அதீத சேட்டை, அதான் ஏடிஹெச்டி, அதப் பத்தி ஒரு பயிற்சி எடுத்தேன். அறிகுறி இதெல்லாம்னு ஒரு பட்டியல். சொல்றத காதுல வாங்க மாட்டான், பாதி வேலைய விட்டுட்டு எந்திரிச்சுப் போவான், கேள்வி முடியுறதுக்குள்ள சம்பந்தமில்லாம பதில் சொல்வான், இப்படிப் போகும். ஆர்வமான ஒரு டீச்சர், நல்லவங்க, ஊருக்குப் போனதும் தன் கிளாஸ்ல அஞ்சாவது படிக்கிற ஒரு பையன வச்சு டிக் அடிச்சுப் பாத்திருக்காங்க, முக்கால்வாசி பொருந்துது. உடனே அம்மாவக் கூப்பிட்டு "உங்க பையனுக்கு ஏடிஹெச்டி இருக்கு, மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அந்தம்மா ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் பாக்குறவங்க. அவங்க காதுல விழுந்தது "மனநல டாக்டர்"ங்குற ரெண்டு வார்த்ததான். வீட்டுல போய் சொன்னதும் மாமியார் உன் வம்சத்துலதான் இப்படின்னு ஆரம்பிச்சு, கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போயி, கயிறு கட்டி, பையன ரெண்டு மாசம் பள்ளிக்கூடத்துப் பக்கமே அனுப்பல. அப்புறம் எப்படியோ பேசிக் கொண்டு வந்தாங்க. அந்தச் சமயம் பள்ளிக்கூடத்துக்கு ஆர்பிஎஸ்கே வண்டி வந்துச்சு, 2013ல ஆரம்பிச்ச திட்டம்ங்க, பொறந்த கொழந்தைல இருந்து 18 வயசு வரைக்கும் அங்கன்வாடிலயும் பள்ளிக்கூடத்துலயும் போயி பாக்குற டாக்டர் குழு. அவங்க பையன் காதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் சீழ், ஜவ்வுல ஓட்ட. பயலுக்குப் பாதி நேரம் நாம பேசுறதே கேக்கல. கேக்காதவன் எப்படி காதுல வாங்குவான், கேள்வி என்னன்னே தெரியாதவன் எப்படி சரியா பதில் சொல்வான்?

மொதல்ல காதையும் கண்ணையும் பாத்துட்டு அப்புறம் மத்தத யோசிங்கன்னு அஞ்சு நாள் பயிற்சில கண்டிப்பா சொல்லியிருப்பாங்க. டீச்சர் வேல அடையாளம் காட்டுறது, வியாதிக்குப் பேர் வைக்கிறது இல்லன்னும் சொல்லியிருப்பாங்க. என் ஒரு நாள்ல அது இல்ல. நான் அறிகுறிப் பட்டியல மட்டும் கொடுத்து அனுப்பிட்டேன், தீப்பெட்டியக் கொடுத்துட்டு அடுப்பக் காட்டாம விட்ட மாதிரி. அந்த டீச்சருக்கு அன்னைக்கு ஒரு நம்பர் இருந்திருந்தா, அம்மாவக் கூப்பிடுறதுக்கு முன்னாடி "மேடம் இப்படி ஒரு பையன், என்ன பண்ணட்டும்"னு ரெண்டு நிமிஷம் கேட்டிருப்பாங்க, எதிர்ல இருக்குறவங்க "காது பாத்தாச்சா"ன்னு ஒரே கேள்வி கேட்டிருப்பாங்க. அந்த நம்பர் எந்தத் திட்டத்துலயும் எங்களுக்கு யாரும் கொடுக்கல.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு நம்பர் கெடச்சது, அதுவும் திட்டத்தால இல்ல, ஒரு மனுஷியால. ஒரு பயிற்சிக்கு வந்திருந்த உளவியலாளர் மேடம், சின்ன வயசுதான், முடிஞ்சு கெளம்பும்போது போர்டுல தன் சொந்த நம்பர எழுதி "செவ்வாய்க்கெழம சாயங்காலம் 5 மணிக்கு மேல ஃப்ரீயா இருப்பேன், கூப்பிடுங்க"ன்னாங்க. நாப்பது பேர் எழுதிக்கிட்டோம், கூப்பிட்டது நாலஞ்சு பேர்தான், அதுல நான் ஒருத்தி. ரெண்டு வருஷம் கூப்பிட்டேன். 17 வருஷத்துல நான் உருப்படியா கத்துக்கிட்டது அந்த செவ்வாய்க்கெழமைகள்லதான்.

உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். ஏழாவது படிக்கிற பையன், கணக்கு பீரியட்ல மட்டும் விசில் அடிப்பான், பக்கத்துல இருக்குறவன் நோட்டக் கிழிப்பான், டீச்சர் வெளிய போய் நில்லுன்னு அனுப்புவாங்க, மறுநாளும் அதே. டீச்சருக்கு அழுகையே வந்துருச்சு. மேடம்கிட்ட சொன்னேன். அவங்க மருந்து பத்தியோ வியாதி பத்தியோ பேசல, ஒரு நோட்டுல மூணு கோடு போடச் சொன்னாங்க. முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன பண்ணான், அதுக்கப்புறம் அவனுக்கு என்ன கெடச்சுது. ரெண்டு வாரம் எழுதுங்க, வேற எதையும் மாத்த வேணாம்னாங்க. எழுதிப் பாத்தா பளிச்சுன்னு தெரிஞ்சுது. "போர்டுக்கு வந்து போடு"ன்னு சொன்ன நாள்ல மட்டும்தான் சேட்ட. அப்புறம் என்ன கெடைக்குது, வெளிய போய் நிக்குறது. அவனுக்கு வேண்டியதே அதுதானே! நாம தண்டனன்னு நெனச்சுக் கொடுக்குறத அவன் கூலியா வாங்கிட்டு இருந்திருக்கான். வாய்க் கணக்க படிச்சுப் புரிஞ்சுக்க முடியல பயலுக்கு, வாசிப்பே மூணாவது அளவுலதான் நிக்குது, அது நாப்பது பேர் முன்னாடி தெரிஞ்சுடக் கூடாதுன்னு அவன் பட்ட பாடுதான் அந்த விசில். அப்புறம் போர்டுக்குக் கூப்பிடுறத நிறுத்தி, உக்காந்த எடத்துலயே அவனால முடியுற ரெண்டு கணக்கு கொடுத்து, போட்டதும் சத்தமில்லாம பக்கத்துல போயி "சரியா போட்டிருக்க"ன்னு சொல்லி, நோட்டு அடுக்குற பொறுப்ப அவன்கிட்ட விட்டு, வாசிப்புக்குத் தனியா நேரம் ஒதுக்கி, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மாசம் ஆச்சு. விசில் நின்னுருச்சுன்னு சொல்ல மாட்டேன், எப்பவாவது அடிப்பான். டீச்சர் அழறது நின்னுருச்சு.

இந்த மூணு கோடு சமாச்சாரம் ஒண்ணும் ரகசியம் இல்ல, எங்க ஸ்லைடுலயும் இருந்துச்சு, "நடத்தைப் பகுப்பாய்வு"ன்னு பேரு. நானே நாலு தடவ பாடமா எடுத்திருக்கேன், ஒரு தடவ கூட செஞ்சு பாத்ததில்ல.

இப்ப அந்த தலைமைப் பொறுப்புக்கு வரப்போறவங்ககிட்ட நான் சொல்ல வர்றது இதுதாங்க. நாடு முழுக்க விரிக்கிறதுன்னா பயிற்சி நாளப் பெருக்குறதுன்னு நெனச்சுடாதீங்க. பயிற்சிக்கு அப்புறம் வர்ற செவ்வாய்க்கெழமையப் பெருக்குங்க.

சும்மா என் அனுபவத்த மட்டும் வச்சு சொல்லல. என் அக்கா பையன் அமெரிக்காவுல குழந்தைகள் டாக்டர். அவன்கிட்ட ஒரு நாள் இதப் பேசிட்டு இருந்தப்ப அவன் சொன்னான், அங்கயும் இதே பிரச்சினதான் சித்தி, குழந்தை மனநல டாக்டர் கெடைக்க மாசக்கணக்குல காத்திருக்கணும், அதனால எங்கள மாதிரி சாதாரண குழந்தைகள் டாக்டர்தான் எல்லாத்தையும் பாக்க வேண்டியிருக்கு, படிக்கும்போது இதுல எங்களுக்கு சொல்லிக் கொடுத்ததோ கொஞ்சம்னு. அங்க ரீச்னு ஒரு அமைப்பு இருக்காம், பீட்டர் ஜென்சன்னு ஒரு குழந்தை மனநல டாக்டர் 2006ல ஆரம்பிச்சது. அவங்க பயிற்சி 3 நாள். மூணு நாளோட முடிஞ்சா நான் இத எழுதியே இருக்க மாட்டேன், அதுக்கப்புறம் 6 மாசம், மாசத்துக்கு ரெண்டு தடவ போன்ல குழுவா சேரணுமாம், ஒவ்வொருத்தரும் தான் பாக்குற ஒரு புள்ளையப் பத்தி பேர் சொல்லாம எடுத்து வைக்கணும், மத்தவங்களும் சொல்லிக் கொடுக்குற டாக்டரும் சேந்து யோசிப்பாங்க. மூணு நாள்ல கத்துக்கிட்டது கொஞ்சம், அந்த போன்லதான் பயம் போச்சுன்னான் என் அக்கா பையன்.

மாசாசூசெட்ஸ் மாநிலத்துல இன்னொரு ஏற்பாடு, 2004ல இருந்து மாநிலம் முழுக்க நடக்குது. எந்த ஊர் குழந்தைகள் டாக்டரா இருந்தாலும் ஒரு நம்பருக்குக் கூப்பிட்டா அரை மணி நேரத்துக்குள்ள ஒரு குழந்தை மனநல டாக்டர் திருப்பிக் கூப்பிட்டு ஆலோசனை சொல்லணும்ங்குறதுதான் அவங்க குறிக்கோள். அதப் பாத்து மத்த மாநிலங்களும் செஞ்சு, 2016ல போட்ட ஒரு சட்டத்துக்குக் கீழ 2018ல இருந்து அமெரிக்க மத்திய அரசே இதுக்கு நிதி கொடுக்க ஆரம்பிச்சது. அங்க நாடு முழுக்கப் பரவுனதுல முக்கியமானது அந்த நம்பர்ங்க, பயிற்சிப் புத்தகம் இல்ல.

அமெரிக்காவுல பணம் இருக்கு, அவங்க செய்வாங்கன்னு சொல்வீங்க. சரி, நம்ம பக்கத்துல பெல்லாரிய எடுத்துக்குங்க. 1980கள்ல பெங்களூர்ல இருக்குற நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரங்க அந்த மாவட்டத்துல ஒரு வேல பாத்தாங்க, இது பெரியவங்க சின்னவங்க எல்லாருக்குமான மனநலம், ஆனா பாடம் ஒண்ணுதான். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தாங்க. அதோட விடல. அத்தியாவசியமான சில மருந்துகள் கைக்கு வந்து சேர ஏற்பாடு, சுலபமா எழுதுற மாதிரி பதிவேடு, மாசாமாசம் அறிக்கை, மாவட்டத்துல இருந்து ஒரு மனநலக் குழு தொடர்ந்து பாத்து சரி பண்றதுன்னு அஞ்சு காலுல நின்ன மேச அது. அத மாதிரியா வச்சுத்தான் 1996ல மாவட்ட மனநலத் திட்டம் வந்துச்சு, நாலு மாவட்டத்துல ஆரம்பிச்சு இன்னைக்கு நாட்டுல பெரும்பாலான மாவட்டத்துக்கு வந்தாச்சு. பெரிய விஷயம்தான், நான் மறுக்கல. ஆனா எந்தத் திட்டமா இருந்தாலும் பெருசாக்கும்போது அஞ்சு கால்ல எத மொதல்ல கழட்டுவாங்கன்னு எனக்கு அனுபவத்துல தெரியும். பயிற்சிங்குற கால மட்டும் தொட மாட்டாங்க, ஏன்னா அதத்தான் ஃபோட்டோ எடுக்க முடியும்.

அமெரிக்காவுலயே நியூ மெக்சிகோ மாநிலத்துல சஞ்சீவ் அரோரான்னு இந்தியாவுல பொறந்த டாக்டர் 2003ல ஆரம்பிச்ச எக்கோன்னு ஒரு முறையும் இருக்கு. கல்லீரல் டாக்டர் அவர். நோயாளிங்க மைல் கணக்குல பயணம் பண்ணி தன்னப் பாக்க வர்றதுக்குப் பதிலா, அந்தந்த ஊர் டாக்டர்கள வாரா வாரம் வீடியோவுல சேத்து ஒவ்வொரு கேஸா பேசினார். கொஞ்ச வருஷத்துல அந்த ஊர் டாக்டர்கள் கொடுத்த சிகிச்சையோட பலன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு சமமா வந்துச்சுன்னு 2011ல கட்டுரையாவே போட்டாங்க. இப்ப நிம்ஹான்ஸ்லயும் இந்த முறையில சொல்லிக் கொடுக்குறாங்க. கஷ்டத்துல இருக்குற புள்ளைங்களுக்காக, ஹோம்ல இருக்குறவங்க, கொடுமைக்கு ஆளானவங்க, அவங்களுக்காக 2020ல மத்திய பெண்கள் குழந்தைகள் அமைச்சகத்தோட சேந்து சம்வாத்னு ஒண்ணு அங்கயே ஆரம்பிச்சாங்க. ஆக வழி தெரியாம நாம இல்ல.

தேவை எவ்ளோன்னும் தெரியாம இல்ல. நிம்ஹான்ஸ் 2015-16ல 12 மாநிலத்துல எடுத்த தேசிய மனநல ஆய்வுல, தமிழ்நாடும் அதுல உண்டு, 13ல இருந்து 17 வயசுக்குள்ள 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சின இருக்குன்னு வந்துச்சு. பெரு நகரங்கள்ல அது 13.5. சதவீதம்னு சொன்னா மனசுல ஒட்டாது, நாப்பது புள்ள இருக்குற கிளாஸ்ல சராசரியா மூணு பேருன்னு வச்சுக்குங்க. எந்த மூணு பேருன்னு கேட்டா அந்த டீச்சர் ரெண்டு பேர இப்பவே விரல் நீட்டிக் காட்டிடுவாங்க, பெரும்பாலும் சத்தம் போடுறவங்களா இருப்பாங்க, மூணாவதா கடைசி பெஞ்சுல வாயே தொறக்காத புள்ளைய விட்டுடுவாங்க. அதுக்குத்தான் பயிற்சி.

2020 பிப்ரவரில மத்திய அரசு ஒரு பள்ளி சுகாதார நல்வாழ்வுத் திட்டம் ஆரம்பிச்சாங்க, ஆயுஷ்மான் பாரத்துக்குக் கீழ. அரசுப் பள்ளி ஒண்ணுக்கு ரெண்டு டீச்சர், முடிஞ்சா ஒரு ஆண் ஒரு பெண், அவங்களுக்குப் பயிற்சி கொடுத்து வாரத்துக்கு ஒரு மணி நேரம் புள்ளைங்ககிட்ட பேச வைக்கிறது. 11 தலைப்பு, அதுல மனநலமும் ஒண்ணு, போதைப் பழக்கமும் உண்டு, இன்டர்நெட்ட பத்திரமா பயன்படுத்துறதும் உண்டு. நல்ல யோசன. அடுத்த மாசமே கொரோனா வந்து பள்ளிக்கூடமெல்லாம் பூட்டியாச்சு, நேரம் பாருங்க. ஒரு பள்ளிக்கு ரெண்டு டீச்சர்ங்குறது எனக்குப் பிடிச்சது, ஏன்னா ஒருத்தர் டிரான்ஸ்ஃபர் ஆனாலும் இன்னொருத்தர் இருப்பாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் பேசிக்கலாம். அந்த ரெண்டு பேரும் தெகைச்சு நிக்கும்போது மூணாவதா ஒருத்தர் போன்ல இருக்கணும்னுதான் நான் கேக்குறேன்.

டீச்சர்களுக்கு ஆர்வம் இல்லன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவுல புள்ளைங்கள அடிக்கவும் கூடாது, மனசு நோக வதைக்கவும் கூடாதுன்னு தெளிவா இருக்கு, சரியான சட்டம்தான். ஒவ்வொரு பயிற்சிலயும் பின்னாடி வரிசைல இருந்து யாராவது எந்திரிச்சுக் கேப்பாங்க, "மேடம், அடிக்காதன்னு சொல்லிட்டீங்க சரி, பதிலுக்கு என்ன செய்யணும்னு யாரு சொல்றது?" அவங்களப் பழமைவாதின்னு நெனச்ச காலம் உண்டு எனக்கு. பிரம்ப எங்க வச்சுட்டு வேற எத எடுக்குறதுன்னு நேர்மையா கேட்ட ஒரே ஆள் அவங்கதான்னு பின்னாடி புரிஞ்சுது.

இன்னொண்ணு மொழி. நாடு முழுக்கன்னு சொல்லும்போது புத்தகம் இங்கிலீஷ்ல எழுதி பதிமூணு பதினாலு மொழிக்கு மொழிபெயர்த்துடுவாங்க, தமிழ்ல வந்து சேர்றது "மனவெழுச்சி ஒழுங்காற்றல்", "எதிர்த்து மீறும் நடத்தைப் பிறழ்வு". பிறழ்வுன்னு ஒரு வார்த்தைய ஏழு வயசு புள்ள மேல எழுதலாமா சொல்லுங்க. எங்க ஊர்ல சேட்டங்குறாங்க, அடம்ங்குறாங்க, மந்தம்ங்குறாங்க, வெறிச்சுப் பாத்துட்டே உக்காந்திருக்கான்ங்குறாங்க, காத்து கருப்பு அடிச்சிருக்கும்ங்குறாங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னாடி அந்தம்மா என்னத்தப் பாத்தாங்கன்னு கேட்டா பாதி விவரம் தானா வந்துடும். பயிற்சி அந்த வார்த்தைல இருந்து ஆரம்பிக்கணும். நம்ம ஒரு மாநிலத்துக்கே இப்படின்னா ஜார்க்கண்ட்ல சந்தாலி பேசுற புள்ளைக்கு ஹிந்தி புத்தகம் வச்சிருக்குற டீச்சர் என்ன பண்ணுவாங்கன்னு அந்த தலைவர் யோசிக்கட்டும், எனக்கு அந்த ஊர் தெரியாது.

செலவு ஜாஸ்தி ஆகும்னுதான் சொல்வாங்க, தெரியும். நாப்பது பேரக் கூட்டி ஹால் பிடிச்சு சாப்பாடு போட்டு பயணப்படி கொடுத்து ஃபைல் அச்சடிச்சு பை கொடுக்குற செலவ யாராவது கூட்டிப் பாத்திருக்கீங்களா? என் வீட்டுல மட்டும் அந்த ஜூட் பை 23 இருக்கு, வெங்காயம் போட்டு வச்சிருக்கேன். அதுல பாதிப் பணத்துக்கு ஒரு மாவட்டத்துக்கு ரெண்டு உளவியலாளர சம்பளம் போட்டு உக்கார வைக்கலாமான்னு கணக்குப் போட்டுப் பாருங்க. அவங்க வாரத்துல நாலு நாள் சாயங்காலம் டீச்சர்கிட்ட பேசுறது மட்டும்தான் வேல. வேற சர்வே, வேற ட்யூட்டி, எலெக்ஷன் வேல எதுவும் அவங்க தலைல கட்டக் கூடாது. ஒரு பிஆர்டிக்கு 25 டீச்சருக்கு மேல கொடுக்காதீங்க, மாசத்துக்கு ஒரு தடவ அவங்க கிளாஸ்ல போய் பின்னாடி உக்காரணும், குத்தம் கண்டுபிடிக்க இல்ல, மூணு கோடு நோட்ட சேந்து பாக்க. அதனால முதல் வருஷம் மாநிலம் கம்மியானா ஆகட்டுமே. விளம்பரத்துல போட்ட இலக்குல பாதிதான் முடிஞ்சுதுன்னு நிதி கொடுத்தவங்ககிட்ட போய் சொல்ற தைரியம் இருக்குறவங்கதான் இந்த வேலைக்கு சரி, அத எந்த இன்டர்வியூல கேப்பாங்கன்னு தெரியல.

கணக்கு காட்டணும்னா இதக் காட்டுங்க. பயிற்சி முடிஞ்சு ஆறாவது மாசத்துல எத்தன டீச்சர் இன்னும் போன் பண்றாங்க. எத்தன புள்ளைக்கு மொதல்ல காதும் கண்ணும் பாத்தாங்க. டாக்டர்கிட்ட அனுப்புன புள்ளைங்கள்ல எத்தன பேர் உண்மையிலேயே போய் சேந்தாங்க, போகலன்னா ஏன் போகல, பஸ் காசா, பயமா, மில்லுல லீவு தரலயா.

அந்த செவ்வாய்க்கெழம மேடம் அப்புறம் வேற ஊருக்கு மாறிப் போயிட்டாங்க, சின்னக் கொழந்த வேற, கூப்பிட மனசு வரல. அவங்க செஞ்சது சம்பளமில்லாத வேல, அதுக்கு மேல எதிர்பாக்குறது நியாயமில்ல. நான் மட்டும் எனக்குத் தெரிஞ்ச ஏழெட்டு டீச்சர்களுக்கு என் நம்பர அதே மாதிரி கொடுத்து வச்சிருந்தேன், ரிட்டையர் ஆகியும் மூணு பேர் இன்னும் கூப்பிடுறாங்க. நேத்து ராத்திரி ஒருத்தர் கூப்பிட்டாங்க. நாலாவது படிக்கிற பொண்ணு, வீட்டுல வாய் ஓயாம பேசுதாம், பள்ளிக்கூடத்துல ஜூன்ல இருந்து ஒரு வார்த்த இல்ல, ஆஜர் கூட சொல்றதில்ல. பேசு பேசுன்னு வற்புறுத்தாதீங்க, தலையாட்டினா போதும்னு விடுங்க, அதுக்குப் பிடிச்ச ஒரே ஒரு தோழியோட தனியா வெளையாட விட்டு அங்க சத்தம் வருதான்னு பாருங்கன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். அதுக்கு மேல அவங்க கேட்ட ரெண்டு கேள்விக்கு எனக்கு பதில் தெரியல. 2022 அக்டோபர்ல இருந்து டெலிமானஸ்னு ஒரு இலவச நம்பர் இருக்கு, 14416, அதுல கேட்டுப் பாருங்கன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "மேடம், அது மனசு கஷ்டத்துல இருக்குறவங்க பேசுறதுக்குல்ல? நான் டீச்சர், கிளாஸ்ல நாளைக்கு என்ன பண்றதுன்னு கேக்கணும், அதுக்கும் அங்க பேசலாமா?"ன்னாங்க.

கேட்டுத்தான் பாருங்களேன்னு சொல்லி வச்சிருக்கேன். வர்ற செவ்வாய்க்கெழம என்ன சொன்னாங்கன்னு எனக்குத் திருப்பிக் கூப்பிடுறதா சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் பயிற்றுநர்,
திண்டுக்கல் மாவட்டம்.